லயத்துச் சுவரும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஒலி சுவரைத் தாண்டும் என்பதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தின் காம்பராக்கள் (வீட்டு அறைகள்) எல்லாம் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. நடுச்சுவர்கள் கூரைவரை எழும்பாமல் பாதியிலேயே நின்றதால், முதல் காம்பராவில் தேங்காய் துருவும் சத்தம் நான்காவது காம்பராவில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். விடியும்முன் எழுந்து, வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் உறங்கிவிடுவார்கள். அந்த லயத்தில்தான் நான் எலக்ட்ரிக் கிட்டார் பழகினேன். பிறகு ஆசிரியர் வேலை கிடைத்தது. ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கோயில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலை ஒளிவிழா என்று சிறிய மேடைகளில் வாசிக்கும் ஒரு குழுவிலும் சேர்ந்தேன். இத்தனை காலத்தில் கிட்டாரின் சமிக்ஞையைப் பெருக்கி ஸ்பீக்கரில் ஒலிக்கவைக்கும் அம்ப்ளிபயர் பெட்டிகள் நான்கை என் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறேன். அவற்றில் இரண்டு முழுத் தவறு, ஒன்று பாதி சரி, ஒன்றுதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது. என்னிடம் கிட்டார் பழக வரும் பிள்ளைகள் "சேர், எந்த அம்ப் வாங்கலாம்?" என்று கேட்கும்போதெல்லாம், அந்த நான்கு பெட்டிகளின் கதையையும் சொல்லாமல் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

அம்ப்ளிபயர் வாங்கக் காசு சேரும்வரை, வீட்டிலிருந்த ரேடியோ செட்டின் பின்புறத் துளையில்தான் கிட்டார் வயரைச் செருகினேன். சத்தம் வந்தது. ஆனால் கம்பளிக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல மந்தமாக வந்தது. கிட்டார்தான் தரமற்றது என்று நினைத்து, தம்பியிடம் அதை விற்றுவிடலாமா என்றுகூடக் கேட்டேன். கோளாறு கிட்டாரில் இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின்மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். அதிலிருந்து வரும் சமிக்ஞை பலவீனமானது. அதை வாங்கிக்கொள்ளும் கருவியின் உள்ளீட்டு மின்தடை ஏறத்தாழ 10 இலட்சம் ஓம், அதாவது ஒரு மெகாஓம் அளவில் இருந்தால்தான் உயர்ந்த சுருதிகள் சிதையாமல் போய்ச் சேரும். ரேடியோ செட், ஹோம் தியேட்டர் போன்றவற்றின் உள்ளீடு சில பத்தாயிரம் ஓம் மட்டுமே என்பதால், கம்பியின் பளபளப்பான ஓசை அங்கேயே அமுங்கிவிடுகிறது. "வீட்டுல பெரிய செட் இருக்கு, அதுலயே அடிக்கலாமே" என்று சொல்லும் பெற்றோரிடம் நான் இதைத்தான் விளக்குவேன். செட் கெட்டுப்போகும் என்பதைவிட, பிள்ளை தன் கிட்டாரின் உண்மையான ஒலியை ஒருநாளும் கேட்காமலே மனம் சலித்துவிடும் என்பதுதான் என் கவலை.

முதல் அம்ப்ளிபயரைச் சீட்டுக் காசில் வாங்கினேன். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் ஒரு கடையில் கறுப்புத் தோல் போர்த்திய, கனமான, அழகான பெட்டி ஒன்று இருந்தது. கடையில் அதை இயக்கிக் காட்டியபோது மேசைக்குக் கீழே இன்னொரு சிறிய பெட்டி இருந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரிலிருந்த பிளக் பொயின்டில் செருகி ஸ்விட்சைப் போட்டேன். உறுமல் ஒன்று கேட்டது, ஒரு வெடிச்சத்தம், பிறகு புகை. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்ததை அந்தப் புகையின் நடுவில்தான் முதன்முதலாக வாசித்தேன். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230 வோல்ட். கடையில் மேசைக்குக் கீழே இருந்தது மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர். வெளியே தனி அடப்டரோடு வரும் புதிய கருவிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். ஆனால் உள்ளேயே டிரான்ஸ்போமர் வைத்துக் கட்டிய பழைய பெட்டிகள் அப்படியல்ல. பழைய பெட்டியைப் பார்க்கப் போனால் முன்பக்கக் குமிழ்களைத் தொடும்முன் பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். 100 அல்லது 120 என்றிருந்தால், அதற்கேற்ற டிரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துத்தான் அந்தப் பெட்டி மலிவா இல்லையா என்று கணக்குப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்போமரின் கொள்ளளவும், பெட்டி உறிஞ்சும் மின்சக்தியைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, புத்தம் புதிய 10 வாட் பெட்டி. 6 அங்குல ஸ்பீக்கரும் ஹெட்போன் துளையும் உண்டு. ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி, மார்ஷல் எம்ஜி10, வோக்ஸ் பாத்ஃபைண்டர் 10 என்று பல நிறுவனங்கள் ஏறத்தாழ இந்த அளவில் பெட்டிகளைச் செய்திருக்கின்றன. என்னுடையதும் அந்த வகைதான். வீட்டுக்கு அது தங்கமான பெட்டி. ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். கிட்டாரின் கம்பிகள் மெதுவாகக் கிணுகிணுப்பதைத் தவிர அடுத்த காம்பராவுக்கு ஒன்றும் கேட்காது. என் விரல்கள் பழகியதெல்லாம் அந்தப் பெட்டியில்தான்.

அதை மேடைக்குக் கொண்டுபோனதுதான் என் பிழை. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயில் திருவிழாவில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் மேடை போட்டிருந்தார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் முதல் பாட்டுக்கு அடிக்கத் தொடங்கியதுமே என் கிட்டார் காணாமற்போனது. குமிழ்களை எல்லாம் கடைசிவரை திருப்பினேன். கூடியது சத்தமல்ல, கரகரப்பு. மேளத்துக்கும் தப்புக்கும் முன்னால் ஒரு மனிதன் எவ்வளவு கத்தினாலும் எடுபடாதது போலத்தான் இருந்தது.

அப்போது நான் செய்த முடிவு, அடுத்ததாக 100 வாட் வாங்க வேண்டும் என்பது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று விளக்க விரும்புகிறேன். வாட் இரண்டு மடங்காகும்போது சத்தம் இரண்டு மடங்காவதில்லை. 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காது அதைக் 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்றுதான் உணரும். நம் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆக, 10 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் நடுவில் காதுக்குத் தெரியும் வித்தியாசம், வாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ இரண்டு மடங்குதான். மேடையில் என் சின்னப் பெட்டி தோற்றதற்கு வாட் மட்டும் காரணமல்ல, ஸ்பீக்கரும் காரணம். 12 அங்குல ஸ்பீக்கரின் பரப்பு 6 அங்குல ஸ்பீக்கரைவிட நான்கு மடங்கு. அது தள்ளும் காற்றும் அதற்கேற்பக் கூடுகிறது. அதோடு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஓர் அளவு உண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. அந்த அளவு 3 டெசிபல் கூடிய ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தினால், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைவிட, வலைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்தான் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கிறது.

இதெல்லாம் தெரியாமல் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் பூட்டிய 100 வாட் பழைய பெட்டி ஒன்றைக் கொழும்பில் வாங்கினேன். கோட்டை நிலையத்தில் புகையிரதத்தில் ஏற்றி ஹட்டனில் இறக்குவதற்குள் இரண்டு பேரின் உதவி தேவைப்பட்டது. நிலையத்திலிருந்து ஆட்டோவில் தோட்டத்து வாசல்வரை வரலாம். அதன்பிறகு லயத்துக்கு ஏறும் படிக்கட்டுகள். நானும் தம்பியும் பாதி வழியில் அதை இறக்கிவைத்து மூச்சு வாங்கியபோதே நான் தவறு செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. வீட்டில் அதன் வொலியூமை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியவில்லை. அந்த வகைப் பெட்டிகள் ஒன்றில் உயிரில்லாமல் ஒலிக்கும். ஒரு மயிரிழை கூடினால் லயமே விழித்துக்கொள்ளும். நடுவில் ஓர் இடம் இல்லை. வெளி நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகவும் தனியாக வேன் பிடிக்க வேண்டும். மேடையில் கிடைப்பதில் பாதி வேன்காரருக்கே போனது. ஓர் ஆண்டுக்குள் வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றுவிட்டேன்.

அந்தப் பெட்டியோடு வாசித்த கடைசி நிகழ்ச்சியில்தான் எனக்குச் சரியான பாடம் கிடைத்தது. அன்று சவுண்ட்ஸ் போட வந்திருந்த அண்ணன் பாட்டுக்கு நடுவில் மேடையேறி என் காதருகே வந்து, "தம்பி, அந்தப் பெட்டிய கொஞ்சம் குறைங்க. ஒங்க சத்தத்த சனத்துக்கு நான் குடுக்குறேன், ஒங்களுக்குக் கேட்டா போதும்" என்றார். பிறகு ஒரு மைக்கைக் கொண்டுவந்து ஸ்பீக்கருக்கு முன்னால் சாய்த்து வைத்தார். வொலியூமைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். கூட்டத்தின் கடைசியில் நின்ற என் அக்கா, அன்றைக்குத்தான் கிட்டார் தெளிவாகக் கேட்டது என்றாள். சிறிய மேடைக்கான அம்ப்ளிபயர் கூட்டத்துக்காக அல்ல, மேடையில் நிற்கும் நமக்காகவும் அந்த மைக்குக்காகவும்தான். கூட்டத்துக்குச் சத்தத்தைக் கொண்டுபோவது சவுண்ட்ஸ்காரரின் வேலை. இதை ஒத்துக்கொண்டுவிட்டால் வாங்க வேண்டிய பெட்டியின் அளவும் விலையும் எடையும் தாமாகவே இறங்கிவிடுகின்றன.

ஆகவே நான்காவது பெட்டியைத் தேடும்போது எனக்கு வேண்டியவை தெளிவாக இருந்தன. ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு கையால் தூக்கிப் படியேறக்கூடிய எடை, ஹெட்போன் துளை, மிகக் குறைந்த சத்தத்திலும் நன்றாக ஒலிக்கும் ஏற்பாடு. இப்போது என்னிடம் இருப்பது பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50. 50 வாட்டாக இருந்தாலும் அதில் சக்தியைக் குறைக்கும் ஒரு ஸ்விட்ச் உண்டு. 50, 25, 0.5 என்று மூன்று நிலைகள். அரை வாட்டில் வைத்தால், பெட்டி மேடையில் ஒலிக்கும் அதே குணத்தோடு வீட்டுக்குள் மெதுவாக ஒலிக்கிறது. எடை ஏறத்தாழ 11.6 கிலோ. என் லயத்துப் படிகளை ஒரே மூச்சில் ஏறிவிடலாம். இந்தப் பெட்டியைத்தான் எல்லோரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறு நிறுவனங்களும் இதே வேலையைச் செய்யும் பெட்டிகளை விற்கின்றன. அரை வாட் ஸ்விட்சோ அதற்கு இணையான ஒரு வழியோ இல்லாத பெட்டியை லயத்தில் இருப்பவர் வாங்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

வெளியீட்டுத் துளைகளைப் பற்றி வாங்கும்முன் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறிய பெட்டிகள் பலவற்றில் ஹெட்போனுக்கும் பதிவுக்கும் ஒரே துளைதான் இருக்கும். அதில் வயரைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். அதிலிருந்து, எல்லா ஒலிகளையும் சேர்க்கும் சவுண்ட்ஸ்காரரின் மிக்சருக்குக் கொடுத்தால் கூட்டத்துக்குக் கேட்கும், மேடையில் உங்களுக்குக் கேட்காது. அந்த நிலையில் மைக்தான் வழி. ஷூர் எஸ்எம்57 போன்ற ஒரு மைக்கை வலையோடு ஒட்டியதுபோல வைத்து, ஸ்பீக்கரின் நட்டநடுவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் விளிம்புப் பக்கம் நகர்த்தினால் கூர்மை குறைந்து ஒலி இதமாகும். அந்த மைக் 1965 முதல் விற்பனையில் இருக்கிறது. நம் ஊர்ச் சவுண்ட்ஸ்காரர்களிடம் அதுவோ அதன் மாதிரியில் செய்த ஒன்றோ பெரும்பாலும் இருக்கும். அம்ப்ளிபயரே இல்லாமல், ஓசையை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொடுத்துப் பாருங்கள், குளவிக் கூடு கலைந்ததுபோல இருக்கும். கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைத் தானாகவே வெட்டிவிடுகிறது. மேடையின் பெரிய ஸ்பீக்கர்கள் அப்படி வெட்டுவதில்லை. எனவே ஸ்பீக்கரின் குணத்தைப் போலச் செய்துதரும் வசதி இல்லாத வெளியீட்டை டிஸ்டோர்ஷனோடு மிக்சருக்குக் கொடுக்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது ஒலியைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. கிட்டாரின் கம்பிகள் உள்ளே ஒரு வயர் மூலம் அம்ப்ளிபயரின் எர்த்தோடு, அதாவது நிலத்தோடு இணைக்கும் பாதுகாப்பு வயரோடு, இணைந்திருக்கின்றன. பாடும் மைக்கின் உலோக வலை, மிக்சரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. அம்ப்ளிபயர் கோயிலிலிருந்து இழுத்த வயரிலும், மிக்சர் ஜெனரேட்டரிலும் இயங்கினால், அல்லது இரண்டில் ஒன்றின் எர்த் அறுந்திருந்தால், கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை மைக்கில் வைப்பவருக்கு நடுவில் மின்சாரம் பாயும். எனக்கு ஒருமுறை அடித்திருக்கிறது. நாக்கில் செம்பின் சுவையோடு இரண்டடி பின்னால் போய் விழுந்தேன். அன்று மழையில் மேடை நனைந்திருந்தது. பிழைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்று முதல், மிக்சர் எந்தப் பலகையிலிருந்து கரண்ட் எடுக்கிறதோ அதே பலகையிலிருந்துதான் என் பெட்டிக்கும் எடுக்கிறேன். வாசிக்கும்முன், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் தொட்டுப் பார்ப்பேன். பூச்சியத்துக்கு அருகில் இல்லாவிட்டால் வாசிப்பதில்லை.

பழைய லயங்களில் உருண்டைக் கால் பிளக் பொயின்டும், புதிய பெட்டிகளில் சதுரக் கால் பிளக்கும் இருப்பதால், நடுவில் மலிவான ஒரு அடப்டரைச் செருகுவது நம்மிடையே வழக்கம். அவற்றில் சில எர்த்தை இணைப்பதே இல்லை. உறுமல் சத்தம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடும் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். உறுமலைப் போக்க, சமிக்ஞை வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் ஸ்விட்சோடு டிஐ பெட்டிகள் (சமிக்ஞையை மிக்சருக்குக் கொடுக்க நடுவில் வைக்கும் சிறு பெட்டிகள்) கிடைக்கின்றன. வீட்டில், மின்கசிவு நேர்ந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அம்ப்ளிபயருக்குச் சேர்த்த காசில் ஒரு பகுதியை எர்த்தைச் சரிசெய்யும் மின்வேலைக்காரருக்குக் கொடுக்க நேர்ந்தாலும் அது வீண்செலவல்ல.

ஜெனரேட்டரில் வாசிக்கும்போது, அலங்கார விளக்குகளை ஏற்றி அணைக்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஜெனரேட்டர் நிதானத்துக்கு வந்த பிறகே பெட்டியை இயக்க வேண்டும், அது நிற்கும்முன் பெட்டியை அணைத்துவிட வேண்டும். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலைமேல் பின்னேரங்களில் இடி விழும் காலம். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றிவிட வேண்டும்.

மலைநாட்டின் ஈரம் அம்ப்ளிபயரை மெதுவாகத் தின்னும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் துணி உலர்வதே அதிசயம். அந்தக் காலத்தில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சும், பெட்டியின் தோலில் பூஞ்சணம் பிடிக்கும், துளைகளின் உள்ளே துருவேறும், குமிழ்களைத் திருப்பினால் கரகரக்கும். கரகரப்பு என்றதும் பெட்டி பழுதாகிவிட்டது என்று எவரும் விற்றுவிட வேண்டாம். மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைக் குமிழின் உள்ளே கொஞ்சம் அடித்து, இருபது முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். என் பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைப்பதில்லை, பலகையின் மேல்தான் வைக்கிறேன். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும் என்பதால் பருத்தித் துணியால் மூடுகிறேன். மழைக்காலத்தில் வாசிக்க நேரமில்லாத வாரத்திலும் அரை மணி நேரம் இயக்கிவைத்தால், உள்ளேயுள்ள சூடே ஈரத்தைப் போக்கிவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த பெட்டியைக் காலையில் வேனில் ஏற்றிக் கண்டிக்கோ கொழும்புக்கோ இறக்கினால், குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் முத்துமுத்தாகப் படியும். அங்கே சேர்ந்ததும் ஒரு மணி நேரமாவது சும்மா விட்டுவைத்த பிறகே இயக்க வேண்டும்.

வால்வு அம்ப்ளிபயரைப் பற்றிப் பிள்ளைகள் ஆசையோடு கேட்பார்கள். அந்தக் காலத்து வால்வு ரேடியோவை நினைவிருப்பவர்களுக்கு, அது சூடாகிப் பேசத் தொடங்கும்வரை காத்திருந்ததும் அதன் குரலின் கனிவும் நினைவிருக்கும். கிட்டாருக்கும் அந்தக் கனிவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈஎல்84 வால்வுகள் இரண்டைக் கொண்ட 15 வாட் பெட்டிகூட, அந்தக் கனிவு வெளிப்படும் அளவுக்குத் திருப்பினால் லயத்துக்கு மிக அதிகம். வால்வுகள் தேய்ந்து மாற்ற வேண்டியவை. கண்ணாடியாலானவை என்பதால் கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கும் பஸ்ஸுக்கு ஏற்றவையல்ல. ஸ்பீக்கரை இணைக்காமல் தவறுதலாக இயக்கிவிட்டால் டிரான்ஸ்போமரே எரிந்துபோகக்கூடும். திரான்சிஸ்டர் என்றால் தரம் குறைவு என்ற எண்ணமும் சரியல்ல. 1975இல் வெளிவந்த ரோலண்ட் ஜேசி-120 முழுக்கத் திரான்சிஸ்டரால் ஆனது. தெளிவான, கலப்பற்ற ஓசைக்கு உலகெங்கும் மேடைகளில் அதைத்தான் இன்றும் தேடுகிறார்கள்.

மின்கலத்தில் இயங்கும் சிறிய பெட்டிகளின் அருமை எனக்கு 2022இல் விளங்கியது. அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. நண்பர் ஒருவரிடம் ஆறு சிறிய பற்றரியில் இயங்கும், 5 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ரோலண்ட் மைக்ரோ கியூப் இருந்தது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் பயிற்சி செய்ததெல்லாம் அதில்தான். மேடைக்கு அது போதாது. வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் என்றால் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையும் உங்கள் வயரையும் கொண்டுபோங்கள். கடைக்காரரின் விலை உயர்ந்த கிட்டாரில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் ஒலிக்கும். முதலில் டிஸ்டோர்ஷனையும் எக்கோவையும் முழுவதும் அணைத்துவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேளுங்கள். வெறும் ஓசை பிடிக்காத பெட்டியை எத்தனை எஃபெக்ட் இருந்தாலும் வாங்க வேண்டாம். பிறகு மிகக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள், பிறகு கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை கூட்டிக் கேளுங்கள். பழைய பெட்டியானால், வயரைத் துளையில் செருகி மெதுவாக ஆட்டிப் பாருங்கள், சத்தம் விட்டுவிட்டு வரக்கூடாது. ஸ்பீக்கர் கூம்பில் கிழிசல் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் மூக்கை வைத்து எரிந்த வாடை வருகிறதா என்று பாருங்கள். பதினைந்து நிமிடமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். சில கோளாறுகள் சூடான பிறகே தலைகாட்டும்.

வாங்கிய பிறகு செய்யும் ஒரு சிறு தவறைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதனால் நல்ல பெட்டியையே குறைசொல்லி விற்றவர்களை அறிவேன். தனியே வாசிக்கும்போது பேஸையும் (கீழ் ஒலி) ட்ரெபிளையும் (மேல் ஒலி) கூட்டி, மிட்டை (நடு ஒலி) குறைத்தால் ஓசை பிரமாதமாக இருக்கும். குழுவோடு சேர்ந்தால் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் கீழே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், டிரம்ஸின் உலோகத் தட்டுகள் மேலே பிடித்துக்கொள்ளும், உங்கள் கிட்டாருக்கு இடமே இருக்காது. கிட்டாரின் குரல் மிட்டில்தான் இருக்கிறது. மேடையில் அதைக் கூட்டுங்கள், பேஸைக் குறையுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு கதிரையின் மேல் வைத்து உங்கள் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். ஸ்பீக்கரின் கூர்மையான ஓசை நேர்க்கோட்டில் போவதால், தரையில் இருக்கும் பெட்டி முழங்காலுக்குத்தான் வாசிக்கும். நமக்குக் கேட்கவில்லை என்று நாமும் கூட்டிக்கொண்டே போவோம்.

அண்மையில் என் மாணவன் ஒருவனின் தாயார் ஹட்டனுக்கு வந்து, "சேர், இவன் ராவுல வாசிச்சா பக்கத்துக் காம்பராவுல ஏசுவாங்க. சத்தம் வராத பெட்டி இருக்கா?" என்று கேட்டார். அவர் கொழுந்தெடுக்கும் கையால் சேர்த்த காசு அது. மூவரும் சேர்ந்துதான் போனோம். பையன் 12 அங்குலப் பெட்டியைப் பார்த்து அதன் முன்னாலேயே நின்றுவிட்டான். ஆனால் அவன் இன்னும் மேடையேறவில்லை. 8 அங்குல ஸ்பீக்கரும் ஹெட்போன் துளையும் உள்ள 20 வாட் பழைய பெட்டி ஒன்றைத் தேர்ந்தோம். தகட்டில் 230 வோல்ட் இருந்தது, துளை ஆடவில்லை, ஒரு குமிழ் மட்டும் கரகரத்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தோம். மீதிக் காசில் ஒரு ஹெட்போனும் எர்த்தோடு கூடிய நல்ல பிளக் பலகையும் வாங்கினோம். தாயார் பழைய சேலையில் பெட்டிக்கு உறை தைத்திருக்கிறார். வரும் மாசித் திருவிழாவில் அவன் என் பெட்டியோடு இரண்டு பாட்டுக்கு மேடையேறுகிறான். மிக்சர் எடுக்கும் பலகையிலிருந்துதான் கரண்ட் எடுக்க வேண்டும் என்பதையும், பையில் மல்டிமீட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அவனுக்கு இப்போதே காட்டிவைத்துவிட்டேன்.